நாரி நோவல்ல, முண்ணாண் நெரிபடுகிறது

நேயர்களுக்கு வணக்கம்.

கர்ப்பிணித் தாய்மாரில் நாரி நோ இல்லாதவரைக் காண்பது அரிது. படுத்தால் தணியும் அந்த நோவைப் பற்றிப் பேச நான் வரவில்லை.

காலையில் கிணற்றடிக்கு நடந்து போனவர் மாலையில் எழும்ப முடியாமல் கால் மடிந்து விழுகிறார். அதற்கு முன் முதுகில் வெட்டியதுபோல் ஒரு நோ. தொப்புளுக்குக் கீழே தொட்டால் தெரியவில்லை என்கிறார். சிறுநீர் முட்டுகிறது, போகவில்லை. முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாண் நெரிபடும்போது இப்படித்தான் இருக்கும். அரிதாகத்தான் வரும். வந்தால் சில மணித்தியாலங்களிலேயே காலைப் பறித்துவிடும்.

முண்ணாணின் உறைக்கு வெளியே குருதி கசிந்து உறைந்திருக்கலாம். முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கியிருக்கலாம், காசநோய் முள்ளெலும்பை அரித்திருக்கலாம். முள்ளெலும்பில் ஆண்டுக்கணக்காகப் பேசாமல் கிடந்த குருதிக்குழாய்க் கட்டி கடைசி மூன்று மாதங்களில் வீங்குவதும் உண்டு. கர்ப்பத்தில் உடலின் குருதி அளவு கூடுகிறது. கருப்பையும் பெருநாளத்தை அழுத்துவதால் குருதி முள்ளந்தண்டு நாளங்களுக்குத் திரும்புகிறது.

ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு உணர்வு எந்த மட்டத்தில் மறைகிறது என்று வைத்தியர் பார்ப்பார். அடுத்தது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். "பிள்ளைக்கு ஆகாதே, டொக்டர்?" என்று மாமியார்மார் கையைப் பிடித்துக் கேட்பார்கள். அம்மா, அது எக்ஸ்ரே அல்ல, காந்தம். எந்த மாதத்திலும் எடுக்கலாம். படம் தெளிவாகத் தெரிய நாளத்தில் ஏற்றும் காடோலினியம் மருந்தை மட்டும் பொதுவாகத் தவிர்ப்போம்.

நெரிபடுவது உறுதியானால் முள்ளெலும்பின் பின்பக்கத்தைத் திறந்து அழுத்தத்தை விடுவிக்கும் அவசர சத்திரசிகிச்சை தேவைப்படும். மாதம் நிறைந்திருந்தால் பெரும்பாலும் சிசேரியன் முதலில். நிறையாவிட்டால் பிள்ளை வயிற்றில் இருக்கவே முதுகில் சத்திரசிகிச்சை செய்யலாம். குறைமாதத்தில் பிறக்க நேருமென்றால் பிள்ளையின் நுரையீரல் முதிர ஊசி போடுவோம். கால் முற்றாக விழுமுன் வருபவர்களே நன்றாகத் தேறுகிறார்கள்.

எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுமுன் நோயாளியோடு பாதைப் படகுக்குக் காத்து நின்றோம். இன்று பாலம் இருக்கிறது. தாமதமோ வீட்டுக்குள் நடக்கிறது: எண்ணெய் பூசி, உருவி, கிளினிக் நாள் வரட்டும் என்று. எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மாவட்டத்தில் குச்சவெளியோ வெருகலோ, இந்த அறிகுறிகளைக் கண்டால் உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள். எத்தனையாம் மாதம், கால் எப்போது விளங்காமல் போனது, கடைசியாகச் சிறுநீர் எப்போது போனது என்று சொல்லுங்கள். உருவ வேண்டாம், நடத்த வேண்டாம். இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, கர்ப்பிணி அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.