கரி தின்று தார் சுமந்த லாரிகள்

அவையோருக்கும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இயந்திரவியல் மாணவர்களுக்கும் வணக்கம். இன்று நான் பேசப்போவது நீராவியால் ஓடிய லாரிகளைப் பற்றி.

எண்ணூரில் இருக்கும் அசோக் லேலண்ட் தொழிற்சாலையை அறியாதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். அந்தப் பெயரில் இருக்கும் லேலண்ட் என்பது ஓர் ஊர். இங்கிலாந்தின் லங்காஷயரில் இருக்கிறது. 1896-இல் அந்த ஊரில் ஹென்றி ஸ்பரியரும் ஜேம்ஸ் சம்னரும் சேர்ந்து லங்காஷயர் ஸ்டீம் மோட்டார் கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் செய்தது ஒன்றரை டன் சுமக்கும் நீராவி வண்டி. 1907-இல்தான் கம்பெனியின் பெயர் லேலண்ட் மோட்டார்ஸ் ஆயிற்று. நம் சாலைகளில் ஓடும் லாரியின் குலமுதல்வனைத் தேடிப் போனால் ஒரு கொதிகலனில் போய் முட்டுவோம்.

அந்த 1896-ஆம் ஆண்டுக்கு ஒரு காரணம் உண்டு. பிரிட்டனின் 1865 சட்டப்படி, சாலையில் போகும் இயந்திர வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்துபோக வேண்டும். தொடக்கத்தில் கையில் சிவப்புக் கொடியோடு. ஊருக்குள் மணிக்கு இரண்டு மைல்தான் வேகம். குதிரைக்காரனும் சிரித்துக்கொண்டே தாண்டிப் போயிருப்பான். 1896 நவம்பரில் இலகு வண்டிகளுக்கு அந்தத் தளை அறுந்தது. அதன் பிறகு லேலண்ட், தார்னிக்ராஃப்ட், சாண்ட்பாச் ஊரின் ஃபோடன், கிளாஸ்கோவில் பிறந்து 1915-இல் ஷ்ரூஸ்பரிக்குக் குடிபெயர்ந்த சென்டினல் என்று ஒவ்வொரு கம்பெனியாக நீராவி லாரிகளோடு சாலைக்கு வந்தன.

இவற்றில் இரண்டு வகை. ஃபோடனைப் பார்த்தால் ரயில் எஞ்சின் ஒன்று லாரியாக வேடமிட்டது போலிருக்கும். கொதிகலன் முன்னால் படுத்திருக்கும், எஞ்சின் அதன் முதுகில் ஏறியிருக்கும், சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றும். சென்டினலில் கொதிகலன் ஓட்டுநர் அறையிலேயே நெட்டுக்குத்தாக நிற்கும், எஞ்சின் தரைச்சட்டத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். அந்தக் கொதிகலனின் வெளிக்கூட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் தீ எரியும் அறையையும் குழாய்களையும் சுத்தம் செய்யலாம். பழுது பார்ப்பவனை மனத்தில் வைத்து வரைந்த வடிவமைப்பு அது. மாணவர்களே, நீங்கள் எதை வரைந்தாலும் அதைக் கழற்றப் போகிறவனையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்தான் அந்த வண்டிகளின் ஓயாத கவலை. முப்பது, நாற்பது மைலுக்கு ஒருமுறை தொட்டியை நிரப்பியாக வேண்டும். அதற்காகவே வண்டியில் ஒரு நீண்ட குழாய் சுருட்டி வைத்திருப்பார்கள். பாலத்தில் நிறுத்திக் குழாயின் நுனியை ஓடையில் இறக்கி, நீராவியைத் திறந்துவிட்டால் தண்ணீர் தானாக மேலே ஏறிவரும்.

நீராவி வண்டியை ஓட்டியதோடு நின்றுவிடவில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படை சில ஃபோடன் லாரிகளில் பெரிய பெட்டிகளைப் பொருத்தியது. பதுங்குகுழிகளில் கிடந்த வீரர்களின் உடுப்புகளை அவற்றில் அடைத்து, அதே கொதிகலனின் நீராவியைச் செலுத்திப் பேன்களைக் கொன்றார்கள். அகழிக் காய்ச்சலைப் பரப்பியது அந்தப் பேன்தான். போர் வரலாறுகள் பீரங்கிகளுக்குத் தரும் பக்கங்களில் ஒன்றையாவது இந்த லாரிகளுக்குத் தந்திருக்கலாம்.

வீழ்ச்சி 1930-களில் வந்தது. 1933-இல் வந்த புதிய வரி, லாரியின் வெற்று எடையைப் பார்த்து விதிக்கப்பட்டது. கொதிகலன் சுமந்த வண்டிக்கு அது தலையில் விழுந்த இடி. ஃபோடன் அதற்கு முன்பே டீசலுக்கு மாறத் தொடங்கியிருந்தது. சென்டினல் மட்டும் சங்கிலிக்குப் பதிலாகச் சுழலும் தண்டால் சக்கரத்தை இயக்கும் அமைப்பும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட எஸ் வகை லாரியைச் செய்து போராடிப் பார்த்தது. என் மனத்தில் அதுதான் நீராவி லாரிகளின் உச்சம். பிந்தைய காலத்திலும், 1950-ஐ ஒட்டி, அர்ஜென்டினாவின் ரியோ துர்பியோ நிலக்கரிச் சுரங்கத்துக்காகச் சுமார் நூறு நீராவி லாரிகளைச் சென்டினல் செய்து அனுப்பியது.

மிஞ்சிய லாரிகள் எப்படி மிஞ்சின? அருங்காட்சியகங்கள் தேடிப்போய்க் காப்பாற்றியதால் மட்டும் அல்ல. பல சென்டினல்களைக் காப்பாற்றியது தார். சாலை போடும் ஒப்பந்தக்காரர்கள் அவற்றை வாங்கித் தார் தெளிக்கும் வண்டிகளாக மாற்றினார்கள். வண்டியை ஓட்டும் நீராவியே தாரையும் இளக்கியது. மற்றவை பழைய இரும்புக்குப் போன காலத்தில், இவை தார் அப்பிய மேனியோடு இன்னும் சில பத்தாண்டுகள் கூலி வேலை செய்து பிழைத்துக்கொண்டன.

அதன் பிறகுதான் ஆர்வலர்கள் வந்தார்கள். 1950-இல் ஆப்பிள்ஃபோர்டு கிராமத்தில் ஆர்தர் நாப்பர் என்பவரும் அவருடைய நண்பரும் ஒரு சிறு பீப்பாய் பீருக்குப் பந்தயம் கட்டி, தங்கள் நீராவி இழுவை எஞ்சின்களை வயலில் ஓட்டினார்கள். அந்த வேடிக்கையிலிருந்து ஓர் இயக்கம் கிளம்பியது. 1954-இல் தேசிய அளவில் சங்கம் அமைந்தது. நீராவி லாரிகளுக்கும் அந்தக் குடையின் கீழ் நிழல் கிடைத்தது.

காப்பது என்றால் வண்ணம் பூசிக் கண்ணாடிக்குள் நிறுத்துவது என்று நான் கருதவில்லை. கொதிகலனைக் குளிர்ந்த நிலையில் ஒருமுறை, நீராவி ஏற்றிய பின் ஒருமுறை என்று ஆண்டுதோறும் ஆய்வாளர் பார்க்க வேண்டும். தகட்டின் தடிமனை அளக்க வேண்டும். கொதிகலனில் தண்ணீரை நிரப்பி அழுத்திப் பார்க்கும் நீர் அழுத்தச் சோதனையும் உண்டு. அதற்கு ஏன் தண்ணீர்? நீராவி அமுங்கி நிற்கும் சக்தி. தகடு கிழிந்தால் வெடிக்கும். தண்ணீர் அமுங்காது, தகடு கிழிந்தாலும் பீச்சிவிட்டு அடங்கிவிடும். இப்போது கரியே பெரும் சிக்கல். 2023 இறுதியில் வேல்ஸின் ஃபோஸ்-இ-ஃப்ரான் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, பழைய எஞ்சின்களுக்கு ஏற்ற கரி அரிதாகிவிட்டது. கரித்தூளை அழுத்திச் செய்த உருண்டைகளைப் போட்டு எரித்துப் பழகுகிறார்கள். தீயின் குணம் மாறிவிட்டது, கையும் மாறியாக வேண்டும்.

இங்கிலாந்தில் ஒரு கொட்டகையில் ஒருநாள் விடியற்காலையில் நான் நின்றிருந்தேன். ஒரு முதியவர் பதினாறு வயதுப் பெண்ணுக்குச் சென்டினலைப் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். எண்ணெய் தோய்ந்த துணி, அதன் மேல் விறகுச் சிராய், பிறகு மேலிருந்து கைப்பிடி கைப்பிடியாகக் கரி. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு முள் மெல்ல அசைந்தது. பெண் அழுத்தமானியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதியவர் அவள் தோளைத் தொட்டு, பக்கத்தில் இருந்த நீர்மட்டக் கண்ணாடியைக் காட்டினார். அவள் கீழ்க் குழாயைத் திறந்தாள். நீர் சீறி வெளியேறியது, கண்ணாடி காலியாயிற்று. மூடினாள். மட்டம் துள்ளி மேலே வந்து நின்றது. “இன்னொரு தடவை” என்றார் அவர். அவள் மறுபடியும் திறந்தாள்.