விறகு இன்சேர்ட் உள்ள வீடு வாங்குமுன் புகைபோக்கிக்குள் எட்டிப் பாருங்கள்

[திரையில்: செங்கல் ஃபயர்பிளேஸ். அதன் வாயை அடைத்தபடி கண்ணாடிக் கதவுள்ள கறுப்பு இரும்புப் பெட்டி.]

ஒன்ராறியோவில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் இதை அடிக்கடி காண்பார்கள். செங்கல் ஃபயர்பிளேஸுக்குள் தள்ளிப் பொருத்திய இரும்பு அடுப்புப் பெட்டி, அதாவது விறகு இன்சேர்ட். முகவர் கதவைத் திறந்து காட்டுவார். விற்பவர் கண்ணாடியைத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருப்பார். அழகாகத்தான் இருக்கும். ஆனால் இதில் முக்கியமான பகுதி அங்கே நின்று பார்த்தால் தெரியாது. அது பெட்டிக்கு மேலே, புகைபோக்கிக்குள் இருக்கும் லைனர் என்ற குழாய். சில வீடுகளில் இல்லவே இல்லை.

முதலில் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம். திறந்த ஃபயர்பிளேஸ் வீட்டைச் சூடாக்கும் என்று நினைக்க வேண்டாம். விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அறைக்கு வந்தாலே அதிகம். மீதி, ஃபர்னஸ் சூடாக்கி வைத்த காற்றையும் இழுத்துக்கொண்டு கூரைக்கு மேலே போய்விடும். இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் இன்சேர்ட். இறுக்கி மூடும் கதவு, காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு கைப்பிடி, உட்சுவரில் தீச்செங்கல், மேலே ஒரு தடுப்புத் தகடு. புதிய மாதிரிகளில் தகட்டுக்குக் கீழே துளையிட்ட குழாய்கள் இருக்கும். அவற்றில் வரும் சூடான காற்று புகையையே மறுபடி எரித்துவிடும். நல்ல இன்சேர்ட் விறகின் வெப்பத்தில் 70 வீதம் வரை வீட்டுக்குத் தரும். மின்சாரம் போனால் அதன் விசிறிதான் நிற்கும், தீ நிற்காது. எரிவாயு ஃபர்னஸ் அப்படியல்ல. 2013 டிசம்பர் பனிமழைப் புயலில் ரொறன்ரோவில் சுமார் மூன்று இலட்சம் மின் வாடிக்கையாளர்கள் இருட்டில் இருந்தார்கள் என்பதை நினைத்தால், இது சின்ன விஷயம் இல்லை.

[திரையில்: புகைபோக்கியின் குறுக்குவெட்டுப் படம். அகலமான களிமண் குழாய்க்குள் சின்ன உருக்குக் குழாய்.]

இப்போது லைனருக்கு வருவோம். லைனர் என்பது இன்சேர்ட்டின் வாயிலிருந்து புகைபோக்கியின் உச்சி வரை இடைவெளி இல்லாமல் போகும் துருவேறா உருக்குக் குழாய். பெரும்பாலும் 6 அங்குல விட்டம். ஏன் அவசியம்? 6 அங்குல வட்டத்தின் பரப்பு 28 சதுர அங்குலம். திறந்த ஃபயர்பிளேஸுக்காகக் கட்டிய 12க்கு 12 அங்குலக் களிமண் குழாயின் உட்பரப்பு அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். இன்சேர்ட்டின் புகை ஏற்கெனவே வெப்பத்தை அறைக்குக் கொடுத்துவிட்டு வருவது. அந்தப் பெரிய வெளிக்குள் போனதும் வேகம் குறைந்து குளிர்ந்துவிடும். 120 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் நீராவியும் தாரும் சுவரில் படியத் தொடங்கும். இந்தப் படிவுக்குப் பெயர் கிரியோசோட். முதலில் தூளாக இருக்கும், பிறகு மொறுமொறுப்பான செதிலாகும், கடைசியில் கறுப்புக் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். இறுகிய படிவைத் தூரிகையால் எடுக்க முடியாது. அது தீப்பற்றினால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1000 பாகையைத் தாண்டும். களிமண் குழாய் வெடிக்கும். வெடிப்புக்குப் பின்னால் வீட்டின் மரச்சட்டம் இருக்கிறது.

1973இலும் 1979இலும் எண்ணெய் விலை ஏறியபோது வட அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்கள் இன்சேர்ட் வாங்கினார்கள். பலர் குழாயே இல்லாமல் பெட்டியை ஃபயர்பிளேஸுக்குள் தள்ளிவிட்டு எரித்தார்கள். புகை பெட்டிக்குப் பின்னால் சுழன்று, எங்கே வழி கிடைத்ததோ அங்கே ஏறியது. இன்னும் சிலர் ஒரு முழக் குழாயை வைத்து, முதல் களிமண் குழாய் வரை கொண்டுபோய் விட்டார்கள். இந்த இரண்டு வகையும் இன்றைக்கும் விற்பனைக்கு வரும் வீடுகளில் இருக்கின்றன.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வீட்டுக்குள் போகுமுன் தெருவிலேயே நின்று, கைப்பேசிக் கமராவைப் பெரிதாக்கிப் புகைபோக்கியின் உச்சியைப் பாருங்கள். லைனர் இருந்தால் வட்டமான உருக்குக் குழாயின் தலையும் அதன் மேல் ஒரு தொப்பியும், சுற்றிலும் களிமண் வாயை மூடிய தகடும் தெரியும். வெறும் சதுரக் களிமண் வாய் திறந்து கிடந்தால் சந்தேகப்படுங்கள். தொப்பி தெரிந்ததால் மட்டும் எல்லாம் சரி என்றும் ஆகாது. கீழே இன்சேர்ட்டோடு குழாய் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க, பெட்டியைச் சுற்றியுள்ள அலங்காரத் தகட்டைக் கழற்ற வேண்டும். அந்த வேலையைப் பரிசோதகரிடம் விட்டுவிடுங்கள்.

லைனர் இருந்தாலும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. விறகுக்கு ஏற்ற உருக்கா? எரிவாயுக் கருவிகளுக்கு அலுமினிய லைனர் போடுவார்கள், விறகுப் புகையின் வெப்பத்தை அது தாங்காது. புகைபோக்கியை மூடித் திறக்கும் பழைய தகடான தம்பரின் இரும்புச் சட்டத்தைத் தாண்டும் இடத்தில் நசுங்கியோ கிழிந்தோ இருக்கிறதா? லைனர் வந்து பொருந்தும் இன்சேர்ட்டின் கழுத்தில் திருகாணிகள் எல்லாம் உண்டா? புகைபோக்கி வீட்டின் வெளிச்சுவரோடு ஒட்டி நின்றால், லைனரைச் சுற்றி வெப்பத் தடுப்புக் கம்பளி போர்த்தியிருக்கிறார்களா? கனடாக் குளிரில் போர்வை இல்லாத லைனர் மேல்பாதியில் குளிர்ந்து, தார் அங்கேதான் சேரும். தம்பர் இருந்த இடத்தை உருக்குத் தகட்டால் அடைத்திருந்தால் இன்னும் நல்லது. அது இல்லாத வீடுகளில் நிறைய வெப்பம் புகைபோக்கிக் கூட்டுக்குள் ஏறிப்போய், 'இன்சேர்ட் சூடு தருவதில்லை' என்ற குறை பின்னால் வரும்.

[திரையில்: இன்சேர்ட்டின் பக்கத்தில் ஒட்டிய உலோகத் தகடு, நெருக்கத்தில்.]

அடுத்தது பெயர்த் தகடு. பெட்டியின் பக்கத்திலோ பின்புறத்திலோ, சிலவற்றில் அலங்காரத் தகட்டுக்கு உள்ளேயோ இருக்கும். மாதிரி, தொடர் எண், எந்த ஆய்வுகூடம் சோதித்தது, மேலே உள்ள மரத்தட்டுக்கும் பக்கச் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். இன்சேர்ட்டுக்கான கனடியத் தரம் யூஎல்சி எஸ்628. தகட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரி எண் தெரிந்தால் கையேட்டை இணையத்தில் தேடி எடுக்கலாம். தகடு இல்லை என்றால் காப்புறுதி நிறுவனங்கள் பெரும்பாலும் தயங்கும், பல நேரடியாக மறுக்கும்.

சுற்றி இருப்பது உண்மையான செங்கல் ஃபயர்பிளேஸ்தானா என்பதையும் பாருங்கள். அந்தக் காலத்தில் தொழிற்சாலையில் செய்த தகர ஃபயர்பிளேஸ்களையும் வைத்தார்கள். உள்ளே செங்கல் போலத் தோன்றுவது அச்சில் வார்த்த பலகை. வெளியே புகைபோக்கி மரச்சட்டத்தால் கட்டிய பெட்டி. அதற்குள் உலோகக் குழாய் போகும். அந்த வகை தன்னைக் குளிர்விக்கச் சுற்றிலும் காற்று ஓட இடம் வைத்திருக்கும். அதற்கென்று சோதிக்காத இன்சேர்ட்டைத் தள்ளினால் அந்தக் காற்றோட்டம் அடைபட்டு, பின்னால் இருக்கும் மரம் நாளாவட்டத்தில் காய்ந்து கருகும். கையேட்டில் இந்த வகை ஃபயர்பிளேஸுக்கு அனுமதி எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் நகராதீர்கள்.

பெட்டிக்கு உள்ளே பார்ப்பது சுலபம். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். இலேசாக வந்தால் கதவைச் சுற்றியுள்ள கயிறு தேய்ந்துவிட்டது. மலிவான வேலை, பேரம் பேசும் அளவுக்கு இல்லை. தீச்செங்கலில் மயிரிழை வெடிப்பு இருந்தால் கவலை வேண்டாம், உதிர்ந்திருந்தால் மாற்ற வேண்டும். மேலே உள்ள தடுப்புத் தகடு வளைந்து தொங்கினால் யாரோ அளவுக்கு மீறி எரித்திருக்கிறார்கள். அப்போது பெட்டியின் வெல்டிங் ஒட்டுக்களையும் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே துரு வழிந்திருந்தால் மழை மேலிருந்து வந்திருக்கிறது. பெட்டிக்கு முன்னால் எரியாத தளம் குறைந்தது 450 மில்லிமீற்றரும், பக்கங்களில் 200 மில்லிமீற்றரும் இருக்க வேண்டும். கம்பளத்தையோ மரத்தளத்தையோ அதற்குள் கொண்டுவந்து முடித்த வீடுகள் நிறைய உண்டு.

வெளியே புகைபோக்கி கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து 3 அடி உயர வேண்டும். 10 அடிக்குள் இருக்கும் எதைவிடவும் 2 அடி கூட இருக்க வேண்டும். செங்கல் முகம் உதிர்வதும் வெள்ளை உப்புப் பூப்பதும் நீர் உள்ளே போய் உறைந்து உருகுவதன் அடையாளம். தொப்பி கோணி நிறம் மாறியிருந்தால், கூரையில் சாம்பல் நிறச் செதில்கள் கிடந்தால், ஒருமுறை உள்ளே தீ பிடித்திருக்கலாம். விற்பவருக்கே அது தெரியாமல் இருக்கக்கூடும்.

[திரையில்: வீடு வாங்கும் ஒப்பந்தத்தின் நிபந்தனைப் பக்கம்.]

இனிக் காகித வேலை. இன்சேர்ட்டையும் புகைபோக்கியையும் பார்ப்பதை ஒன்ராறியோவில் 'வெட்' (WETT) பரிசோதனை என்பார்கள். விறகு அடுப்பு வேலைக்குப் பயிற்சியும் சான்றும் கொடுக்கும் அமைப்பின் பெயர் அது. வழக்கமான வீட்டுப் பரிசோதகர் அந்தப் பயிற்சி பெற்றவராக இருந்தால் அவரே செய்யலாம், ஆனால் சாதாரண அறிக்கையில் இது அடங்காது. 'வெட் சான்றிதழ் பெற்ற அடுப்பு' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அதற்குப் பொருளே இல்லை. வெட் சான்று ஆளுக்குத்தான், அடுப்புக்கு இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது எந்தத் திகதியில், யார், எந்த நிலையில் பார்த்தார் என்பது. முதல் நிலை, வெளியே தெரிவதை மட்டும் பார்ப்பது. லைனர் பற்றிய கேள்விக்கு அது போதாது. அடைய முடிகிற இடங்களையும் பார்க்கும் இரண்டாம் நிலையைக் கேளுங்கள், புகைபோக்கிக்குள் கமரா விடுவதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வாங்குபவர்களுக்கு என்எஃப்பிஏ 211 என்ற தரமும் வீடு கைமாறும்போது இரண்டாம் நிலையைத்தான் சொல்கிறது. பரிசோதனைக்கு முதல் நாளிலிருந்து தீ மூட்ட வேண்டாம் என்று விற்பவருக்குச் சொல்லிவையுங்கள். சூடான பெட்டியை யாராலும் கழற்ற முடியாது.

விலைக் கடிதத்தில் இரண்டு நிபந்தனை எழுதச் சொல்லுங்கள்: பரிசோதனை அறிக்கை உங்களுக்குத் திருப்தியாக இருக்க வேண்டும், காப்புறுதி நிறுவனம் இன்சேர்ட்டோடு வீட்டை ஏற்க வேண்டும். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காப்புறுதி இல்லாமல் வங்கி கடன் பணத்தை விடாது. சாவி வாங்கும் வாரத்தில் இது தெரியவந்தால் அவ்வளவு பேருக்கும் தலையிடி. போட்டி விலையில் நிபந்தனை போட முடியாத நிலையா? அப்படியானால் விலை கொடுக்குமுன்பே காப்புறுதி முகவருக்குப் பெயர்த் தகட்டின் படத்தை அனுப்பிக் கேட்டுவிடுங்கள். நிறுவியபோது நகரசபையின் கட்டட அனுமதி எடுத்தார்களா என்றும் விசாரியுங்கள்.

லைனர் இல்லாத, பெயர்த் தகடு இல்லாத பழைய இன்சேர்ட்டை வீட்டின் மதிப்பில் சேர்க்காதீர்கள். அது கழற்றி எறியும் செலவு. நல்ல புது இன்சேர்ட்டும் லைனரும் போடச் சில ஆயிரம் டொலர் ஆகும், அந்தக் கணக்கோடு விலை பேசுங்கள். ஊர்ச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். மொன்றியலில் 2018 ஒக்ரோபரிலிருந்து மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் துகள் வெளியிடும் விறகு அடுப்பை எரிக்கக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் நின்றால் மட்டும் விலக்கு.

[திரையில்: குசினி. தாளிக்கும் சட்டிக்கு மேலே ஓடும் காற்றிழுப்பி.]

தமிழ் வீடுகளுக்கென்று ஒரு விஷயம். தாளிப்புக்கும் மீன் பொரியலுக்கும் பலம்வாய்ந்த காற்றிழுப்பி பூட்டுவோம். நிமிடத்துக்கு 600 கன அடி காற்றை வெளியே தள்ளும் இழுப்பி, ஈடான காற்றை எங்கிருந்தாவது உள்ளே இழுக்க வேண்டும். இறுக்கமாகக் கட்டிய வீட்டில் அதற்குச் சுலபமான வழி புகைபோக்கிதான். தணல் நிலையில் தீ இருக்கும்போது புகையும் காபன் மொனொக்சைட்டும் அறைக்குத் திரும்பும். புகையாவது கண்ணுக்குத் தெரியும், காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இன்சேர்ட் பேஸ்மெண்டில் இருந்து, புகைபோக்கி வெளிச்சுவரில் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். வீடு பார்க்கப் போகும்போதே இழுப்பியை முழு வேகத்தில் ஓடவிட்டு, இன்சேர்ட்டின் கதவை இலேசாகத் திறந்து ஊதுபத்திப் புகையைக் காட்டுங்கள். புகை அறைப்பக்கம் தள்ளினால், தீ எரியும்போது குசினி யன்னல் ஒன்று திறந்திருக்க வேண்டும். காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்குப் பக்கத்திலும் வையுங்கள்.

விறகு பற்றி இரண்டு வரி. ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரமானியை வெளிப்புறத்தில் குத்தாமல், கட்டையைப் பிளந்து புதிய முகத்தில் குத்திப் பாருங்கள். ஓக் மரம் காய இரண்டு கோடை எடுக்கும். 'புஷ் கோர்ட்' என்றால் 128 கன அடி, 'ஃபேஸ் கோர்ட்' கிட்டத்தட்ட அதில் மூன்றில் ஒன்று. விலை கேட்கும்போது எது என்று தெளிவாகக் கேளுங்கள். விற்பவர் விட்டுப்போகும் விறகுக் குவியலின் ஈரத்தை அளந்து பார்க்காமல் எரிக்காதீர்கள்.

குடிபோன பிறகு முதலில் புகைபோக்கியைத் துப்புரவாக்குங்கள். முதல் தீயைச் சின்னதாக மூட்டி, காற்றை முழுதாகத் திறந்துவிட்டு, கழுத்துப் பொருத்துகளில் புகை கசிகிறதா என்று பாருங்கள். இரவு முழுதும் எரிய வேண்டும் என்று காற்றை அடைத்துப் புகையவிடுவதுதான் கிரியோசோட் சேர முதல் காரணம். சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் எடுத்து வெளியே, மரமேடையில் இல்லாமல் தரையில் வையுங்கள். அதற்குள் தணல் சில நாட்கள் உயிரோடு இருக்கும். ஒரு மாதம் எரித்த பிறகு புகைபோக்கியை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். படிவு 3 மில்லிமீற்றர் தடித்திருந்தால் உடனே துப்புரவாக்கிவிட்டு, அடுத்த தீக்கு முன் விறகின் ஈரத்தை மறுபடி அளந்து பாருங்கள்.