விளம்பர இடைவேளையில் எழுந்து வந்த பேய்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் இன்று அறுபதைத் தாண்டியவர்களிடம், சின்ன வயதில் டிவியில் பார்த்த பேய்ப்படங்களைப் பற்றிக் கேட்டால், படத்தின் பெயர் சட்டென்று வராது. படத்தைக் காட்டிய ஆளின் பெயர் உடனே வந்துவிடும். கிளீவ்லேண்டுக்காரர் கூலார்டி என்பார். பிட்ஸ்பர்க்காரர் சில்லி பில்லி என்பார். டெட்ராய்ட்டில் சர் கிரேவ்ஸ் காஸ்ட்லி, சிகாகோவில் ஸ்வென்கூலி. பெரும்பாலும் அந்தந்த ஊர் டிவி நிலையத்து ஆட்களே இவர்கள். பகலில் வானிலை சொல்வார்கள், அறிவிப்புகளுக்குக் குரல் கொடுப்பார்கள். ராத்திரி ஒப்பனை போட்டுக்கொண்டு பேயாகவோ கிறுக்கு விஞ்ஞானியாகவோ வந்து நிற்பார்கள். கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையும் சபையையும் சேர்த்து வம்புக்கு இழுப்பானே, ஏறக்குறைய அந்த வேலை. நூறு மைல் தள்ளிப் போனால் ஆளே வேறு.

அவர்கள் காட்டிய படங்கள் எங்கும் போய்விடவில்லை, இன்றைக்கும் டிஸ்க்கில் கிடைக்கின்றன. நடுநடுவே அந்த ஆள் வந்து பேசிய பதினைந்து நிமிடம்தான் காணாமல் போனது. ஏக்கமெல்லாம் அந்தப் பதினைந்து நிமிடத்தின் மேல். அது எப்படி உருவானது, எப்படித் தொலைந்தது, மிச்சத்தை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று சொல்கிறேன்.

முதல் ஆள் ஒரு பெண். 1954-ல் லாஸ் ஏஞ்சலஸின் 7-ஆம் சேனலில் மைலா நுர்மி, வாம்பைரா என்ற வேடத்தில் வந்தார். புகை மண்டிய நடைவழியில் கேமராவை நோக்கி நடந்து வந்து வீறிட்டுக் கத்துவார், பிறகு படம் தொடங்கும். மறு ஆண்டே நிகழ்ச்சி நின்றுவிட்டது. ஊருக்கு ஊர் இந்த வழக்கம் பரவியது 1957 அக்டோபரில்தான். யுனிவர்சல் ஸ்டுடியோவின் 52 பழைய படங்களை 'ஷாக்' என்ற பெயரில் ஒரே கட்டாக ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனம் டிவி நிலையங்களுக்குக் கொடுத்தது. டிராகுலா, பிராங்கன்ஸ்டைன், மம்மி, ஓநாய் மனிதன் எல்லாம் அதில் உண்டு. ஆனால் 52-ம் பேய்ப்படங்கள் இல்லை. துப்பறியும் கதையும் உளவாளிக் கதையும் நிறையவே கலந்திருந்தன. நல்லது ஒன்றுக்குச் சப்பை இரண்டு என்று வந்த கட்டு அது. சப்பைப் படம் ஓடும் வாரத்திலும் பார்ப்பவர் எழுந்து போகாமல் இருக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

நேரக் கணக்கும் ஒரு காரணம். அந்தக் காலத்துப் பேய்ப்படம் 70 நிமிடம்தான் ஓடும். நிகழ்ச்சிக்கு ஒதுக்கியது 90 நிமிடம் என்றால் மீதி இருபது. நடுராத்திரிக்கு விளம்பரம் அவ்வளவு சிக்காது. விற்காத நிமிடத்தை யாராவது பேசித்தான் நிரப்ப வேண்டும்.

படம் வந்தது 16 மில்லிமீட்டர் சுருளில். 16 மி.மீ. படம் நிமிடத்துக்கு 36 அடி ஓடும், ஆக 70 நிமிடத்துக்கு 2,520 அடி. நிலையத்தில் இரண்டு புரொஜெக்டர், ஒரு ஸ்லைடு புரொஜெக்டர், நடுவில் கண்ணாடிப் பெட்டி. மூன்றில் எதன் வெளிச்சத்தையும் அந்தக் கண்ணாடி ஒரே டிவி கேமராவுக்குத் திருப்பிவிடும். புரொஜெக்டர் சீரான வேகத்துக்கு வரச் சில விநாடிகள் ஆகும். அதனால் வசனம் முடிவதற்கு 5 விநாடி முன்பே 'படத்தை ஓட்டு' என்று குரல் கொடுத்துவிடுவார்கள். 5 விநாடி என்றால் 3 அடி, 120 பிரேம். எழுதி வைத்துப் பேசுபவரிடம் இந்தக் கணக்கு செல்லும். வாய்க்கு வந்ததைப் பேசுபவரிடம் செல்லாது. அவர் இன்னொரு ஜோக் சொன்னால் படத்தின் முதல் வரி போய்விடும், சீக்கிரம் முடித்துவிட்டால் வெறுமனே முழித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

விளம்பரத்துக்காகச் சுருளை வெட்டி ஒட்டும்போது இன்னொரு சிக்கல். 16 மி.மீ. படத்தில் ஒலித்தடம் தன் படத்துக்கு 26 பிரேம் முன்னால் பதிந்திருக்கும், ஒரு விநாடிக்குச் சற்று அதிகம். ஆகவே வெட்டிய இடத்தில் படம் உடனே மாறும், பழைய காட்சியின் சத்தம் மட்டும் இன்னும் ஒரு விநாடி இழுக்கும். திரும்பப் படத்துக்கு வரும்போது முதல் விநாடியின் சத்தம் கேட்காது. அந்த நேரம் பார்த்து ஒருத்தி அலறினால், வாய் திறந்திருக்கும், அலறல் பாதியிலிருந்து வரும்.

இந்தப் பிரதிகள் பல புரொஜெக்டர்களில் ஓடித் தேய்ந்தவை. ஒட்டு சரியாக அமையாவிட்டாலோ ஓரத்துத் துளை கிழிந்தாலோ, புரொஜெக்டரில் படம் வெளிச்சத்தைக் கடக்கும் 'கேட்' என்ற இடத்துக்கு மேலும் கீழும் தளர்வாக விட்டிருக்கும் வளைவு, அதாவது லூப், சுருங்கிவிடும். படம் துள்ள ஆரம்பிக்கும், உதடும் ஒலியும் பொருந்தாது. ஆப்பரேட்டர் புரொஜெக்டரை நிறுத்தி லூப்பைச் சரிசெய்யும் வரை ஸ்டூடியோவில் இருப்பவர்தான் சமாளிக்க வேண்டும். இந்த ஆட்களின் திறமையை அளக்க என்னைக் கேட்டால் அந்த இரண்டு நிமிடம் போதும்.

பொருட்செலவில் இவர்கள் காட்டிய சாமர்த்தியத்துக்கு ஜான் சாக்கர்லி நல்ல உதாரணம். 1957-ல் பிலடெல்பியாவில் ரோலண்ட் என்ற பெயரில் தொடங்கி, மறு ஆண்டு நியூயார்க்கின் 7-ஆம் சேனலுக்குப் போனவர். அவருடைய மூளை அறுவை சிகிச்சையில் மூளையாக வந்தது காலிஃப்ளவர். ரத்தம், சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளைக் கேமராவில் சிவப்புச் சாயம் சாம்பல் நிறமாக வெளிறித் தெரியும். சிரப்போ கறுத்து, பளபளத்து, கட்டியாக மெல்ல வழியும். காலிஃப்ளவரின் மடிப்புகளுக்குள் அது இறங்கி, வெள்ளை மேடுகள் மட்டும் துருத்தி நிற்கும்போது, பார்ப்பவருக்குக் காய்கறி என்று தெரிந்தும் வயிறு ஒரு முறை புரளும்.

ஓடுகிற படத்துக்குள்ளேயே புகுந்து கேலி செய்யும் வித்தையையும் சாக்கர்லி கையாண்டார். அதற்குச் சுலபமான வழி, ஆளைக் கறுப்பு வெல்வெட் திரைக்கு முன்னால் நிறுத்தி, அந்தக் கேமராவின் படத்தையும் சினிமாவையும் மிக்ஸரில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுவது. கறுப்பு எதையும் சேர்க்காது, ஆள் மட்டும் ஆவி மாதிரி மிதப்பார். கறுப்பு உடை போட்டிருந்தால் தலை மட்டும் மிதக்கும். திரையில் வெளிச்சம் சிதறினால் மொத்தப் படமும் பால் கலந்த மாதிரி வெளுத்துவிடும். ஆள் பார்க்க வேண்டியது பக்கத்து மானிட்டரை. அது கண்ணாடி மாதிரி இடவலம் மாற்றிக் காட்டாது என்பதால், பழகாதவர் பூதத்தின் பக்கம் சாய நினைத்து எதிர்ப்பக்கம் சாய்வார்.

என் கணிப்பில் இவர்கள் எல்லோருக்கும் மேலே கிளீவ்லேண்டு 8-ஆம் சேனலின் எர்னி ஆண்டர்சன். 1963 ஜனவரி முதல் 1966 டிசம்பர் வரை கூலார்டி. ஒட்டுத்தாடி, விக், ஒரு பக்கம் கண்ணாடி இல்லாத கறுப்புக் கண்ணாடி, பேட்ஜ் குத்திய வெள்ளைக் கோட்டு. படம் மட்டம் என்றால் மட்டம் என்று நேரடி ஒளிபரப்பிலேயே சொல்வார். நேயர்கள் அனுப்பும் பிளாஸ்டிக் பொம்மைக் கார்களைப் பட்டாசு வைத்துத் தகர்ப்பார். பக்கத்து ஊர் பார்மாக்காரர்களின் வெள்ளைச் சாக்ஸையும் போல்கா இசையையும் வாராவாரம் கிண்டல் செய்வார். இந்தக் கிண்டல் கிளீவ்லேண்டில் எடுபடும், வேறு ஊரில் ஒருவருக்கும் புரியாது. அதுதான் அதன் பலம். அவர் மகன் இயக்குநர் பால் தாமஸ் ஆண்டர்சன், தன் பட நிறுவனத்துக்குக் கூலார்டி பிலிம் கம்பெனி என்று பெயர் வைத்திருக்கிறார்.

ஆனால் கூலார்டியின் நான்கு ஆண்டுகளில் இன்று பார்க்கக் கிடைப்பது கொஞ்சம்தான். அப்போதைய வீடியோ டேப் 2 அங்குல அகலம், விநாடிக்கு 15 அங்குல வேகம், ஒரு மணி நேரத்துக்கு 4,500 அடி. 1950-களின் இறுதியில் அப்படி ஒரு சுருள் 300 டாலர் அளவுக்கு விற்றது. எந்த நிலையமும் அதில் ராத்திரிக் கேலியைச் சேர்த்து வைக்காது. பதிவு செய்தாலும் அழித்து மறுபடி பயன்படுத்தியது. வாம்பைராவுக்கோ டேப்பே இல்லை, திரையைப் படம்பிடித்த சிறு துண்டுதான் மிஞ்சியிருக்கிறது.

வழக்கம் மங்கியதற்குக் கேபிளும் வீடியோக் கடையும் காரணம். 1984-ல் விளம்பர நேரத்துக்கான கட்டுப்பாட்டை அரசு நீக்கியது இன்னொரு காரணம். அரைமணி நேர முழு விளம்பரத்துக்கு ஒரு கம்பெனி காசு கொடுக்கும்போது, நிலையம் எதற்குச் சுருளும் சவப்பெட்டியும் வைத்துக்கொள்ளும்? சிகாகோவில் வழக்கம் இடையிடையே நின்றாலும் மறுபடி உயிர்பெற்றது. முதல் ஸ்வென்கூலிக்குத் தபாலில் நகைச்சுவைத் துணுக்கு அனுப்பிய மாணவர் ரிச் கோஸ், 1979-ல் ஸ்வென்கூலியின் மகனாக வந்தார். பிறகு ஸ்வென்கூலியாகவே ஆகி, 2011 முதல் மீ டிவி என்ற சேனல் வழியாக நாடு முழுவதும் தெரிந்தார்.

இன்று மிச்சம் இருப்பதில் பெரும்பகுதி வீடுகளில் பதிவான விஎச்எஸ் கேசட். பழைய கேசட்டை எடுத்தவுடன் ஓட்டக் கூடாது. உள்ளே சுருளின் மேல் வெள்ளைப் பூச்சு தெரிந்தால் பூஞ்சை. இயந்திரத்தில் போட்டால் ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தமாக இருந்தால் அறை வெப்பத்தில் ஒரு நாள் வைத்து, முதுகிலுள்ள சின்ன பிளாஸ்டிக் நாக்கை உடைத்து எடுத்துவிடுங்கள், தவறி ரெக்கார்டு அழுத்தினாலும் பதியாது. பிறகு கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றி, அப்புறம் பதிவு. 6 மணி நேர வேகத்தில் பதிந்த கேசட்டில் கோடு கோடாக வந்தால் இயந்திரத்தில் டேப்பையும் ஹெட்டையும் பொருத்தும் டிராக்கிங் திருகியைத் திருகுங்கள், சரியாகவில்லை என்றால் வேறு இயந்திரத்தில் போட்டுப் பாருங்கள். அமெரிக்கக் கேசட் என்டிஎஸ்சி (NTSC) என்ற டிவி முறையில் பதிந்தது, நம் ஊரின் பால் (PAL) முறைப் பழைய டெக்கில் ஒழுங்காக ஓடாது. மற்றபடி வீட்டுக் கல்யாண கேசட்டுக்கும் இதே முறைதான்.

பலர் பதியும்போது படம் மட்டும் போதும் என்று இடைவேளை வந்ததும் பாஸ் அழுத்தினார்கள். டிஸ்க்கில் கிடைக்கும் படம் தப்பியது, ஊர்ப் பேய் போய்விட்டது. சேகரிப்பவர்கள் இன்று தேடுவது சோம்பேறித்தனமாகப் பாஸ் அழுத்தாமல் தூங்கிப்போனவரின் கேசட்டை. அப்படி ஒன்று கிடைத்தால் எதையும் வெட்டாதீர்கள். கார்க் கடை விளம்பரத்தில் வரும் விலை, 'அடுத்த வாரம்' என்று சொல்லும் படம், கடைசியில் வரும் வானிலை, இவற்றை வைத்துத்தான் அது எந்த ஆண்டு, எந்த வாரம் என்று கண்டுபிடிக்கிறார்கள்.

வணக்கம்.