இரவு பத்தே முக்காலுக்கு அடித்த போன்

(ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் மே தினத்தன்று மாலை பேசியது. பேச்சில் விட்டுப்போன ஒன்றிரண்டைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். படகு முதலாளிகளான சம்மாட்டிமார்களும் பெரியவர்களும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் மீன்பிடித் தடைக்காலம்தான், என் பேச்சு இல்லை என்று எனக்கே தெரியும். வேறு மாதமாக இருந்தால் இந்நேரம் பாதிப் பேர் டீசலுக்கும் ஐஸுக்கும் அலைந்துகொண்டிருப்பீர்கள்.

என் பிழைப்பு கடலில் இல்லை. சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். ஜன்னலோரம் ஒரு மேசை, லேப்டாப், போன், அவ்வளவுதான். வெயில் படாத வேலை என்று சொந்தக்காரர்கள் பொறாமைப்படுவார்கள். சரி, போன வருஷம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அன்று திங்கட்கிழமை. நம் பக்கம் திங்கள், புதன், சனி விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு. தம்பி காலையிலேயே அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போயிருந்தான். அவன் படகு கரைக்கு வரும்வரை அம்மா உள்ளே படுக்கமாட்டாள், வாசலோரம் பாயைப் போட்டுக் கிடப்பாள். இரவு பத்தே முக்காலுக்கு என் போன் அடித்தது. நான் எடுப்பதற்குள் எழுந்து வந்துவிட்டாள். முந்தானை பாதி தரையில் இழுபடுகிறது. "என்னத்தா, தம்பி படகா? பிடிச்சிட்டாங்களா?" என்கிறாள். என் தோளைப் பிடித்த கை சில்லென்று இருந்தது. இந்தக் கரையில் ராத்திரி போன் அடித்தால் வேறென்ன நினைப்பு வரும்? காற்று, இன்ஜின் கோளாறு, இல்லையென்றால் இலங்கைக் கடற்படையின் சிறைபிடிப்பு.

பேசியது என் மேலதிகாரி. மறுநாள் அனுப்பவேண்டிய கணக்கில் ஒரு கட்டத்துக்கு மஞ்சளுக்குப் பதில் பச்சை அடிக்க முடியுமா என்று கேட்டார். இதை அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது? "ஆபீஸ்தாம்மா" என்றேன். நான் பச்சை அடித்துவிட்டுப் படுத்தேன். அவள் விடியும்வரை தூங்கவில்லை.

போனை அணைத்துவிட்டுப் படு என்று எல்லாரும் சொன்னார்கள். படுத்தேன், மூன்று நாள். நான் எடுக்காத அழைப்பை எங்கள் குழுவில் இன்னொருவர் எடுத்தார், ராத்திரியோடு ராத்திரியாக முடித்தும் கொடுத்தார். காலையில் அவருக்குப் பாராட்டு. நாலாம் நாள் என் போன் தலைமாட்டுக்கு வந்துவிட்டது.

இதில் உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. 2001-ல் தொடங்கியபோது 45 நாள், 2017-ல் கூட்டினார்கள். மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று போட்ட தடை. மனிதன் இளைப்பாறட்டும் என்று யாரும் போடவில்லை. ஆனாலும் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, வலையைச் சரிபார்த்து, பிள்ளைகள் முகத்தைப் பகலில் பார்ப்பதெல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான். இது எதனால் நடக்கிறது? எல்லாப் படகும் ஒரே நாளில் நிற்பதால். பக்கத்துப் படகு போகிறது என்றால் எந்தச் சம்மாட்டி மனசு கேட்டுச் சும்மா இருப்பார்? ஒருவர் மட்டும் நின்றால் அது ஓய்வாகாது, அவருக்கு நட்டம்தான். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய அன்றைக்கும் இதே கதைதான், டோக்கன் யாருக்கும் கிடையாது.

என் மூன்று நாள் முயற்சியில் இல்லாதது அதுதான். கூண்டு என் வீட்டில் மட்டும் ஏறியிருந்தது.

நாற்பது வயதுக்காரர் பக்கவாதத்தில் விழுந்தார் என்று கேள்விப்பட்டால் சர்க்கரையா, கொழுப்பா என்று விசாரிக்கிறோம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார் என்று யாரும் கேட்பதில்லை. வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் கணக்குச் சொன்னார்கள்.

இன்று மே 1. இந்தியாவில் முதன்முதல் மே தினம் கொண்டாடியது 1923-ல், சென்னைக் கடற்கரையில். கூட்டியவர் சிங்காரவேலர், மீனவர் வீட்டுப் பிள்ளை. எட்டு மணி நேர வேலை தனி ஆள் கேட்டுக் கிடைத்ததில்லை, கூடி நின்று வாங்கியது. நம் மாநிலக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு ஒரு விடுமுறை என்று எழுதிவிட்டது. அன்றைக்குப் பூட்டுப் போட்டால் கடை மூடிவிடும். இப்போது கடையே நம் இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. வேலை முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பிரான்ஸில் 2017 முதல் சட்டம், ஆஸ்திரேலியாவில் 2024 முதல். இங்கே தனிநபர் மசோதாவாக மக்களவைக்கு வந்ததோடு நிற்கிறது.

சட்டம் வரும்வரை என்ன செய்வது? நாங்கள் ஐந்து பேர் பேசிவைத்துக்கொண்டோம். இரவு எட்டுக்கு மேல் முறைக்கு ஒருவர் மட்டும் போன் எடுப்பார், மறுநாள் அவர் தாமதமாக வேலைக்கு உட்காரலாம், சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. நான் எடுக்காத அழைப்பை எடுத்துப் பாராட்டு வாங்கிய அந்த நண்பரையும் சேர்த்துத்தான். மேலதிகாரி முதலில் முறைத்தார், அப்புறம் ஒத்துக்கொண்டார். மாதக் கடைசியில் இந்த ஏற்பாடு இன்னும் உடைகிறது. பொய் சொல்ல மாட்டேன்.

சம்பளத்தை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தடைக்கால நிவாரணம் போதவில்லை என்று இங்கே முனகாத வீடு கிடையாது. வயிறு காய்ந்தால் அதை யாரும் ஓய்வு என்று சொல்லமாட்டார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அண்ணன்மார் கோபிக்கக்கூடாது. படகு நிற்கிற இந்த 61 நாளில் உங்கள் வீட்டு அடுப்பு ஒரு நாளாவது நின்றதா? பாசி எடுக்கப் போகிற அக்காமார் கடலில் வேலையைக் குறைத்தாலும் கரையில் குறைப்பதில்லை. அந்தத் தடைக்காலத்தை யார் போடுவது என்று எனக்கும் விளங்கவில்லை. நீங்கள் வீட்டுக்குப் போய் யோசியுங்கள்.

என் போனில் இப்போது இரவு எட்டுக்கு மேல், என் முறை இல்லாத நாளில், தம்பி எண் மட்டும்தான் அடிக்கும். மற்றது எல்லாம் ஊமை. தடைக்காலம் ஆனதால் தம்பியும் வீட்டில்தான் கிடக்கிறான். ஆக, போன் அடிப்பதே இல்லை. நேற்று ராத்திரி அம்மா அதை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"என்னத்தா, இது ரிப்பேரா?" என்றாள்.