பாஸ்போர்ட் இல்லாமல் வெளிநாடு! ராமேஸ்வரத்தில் படகு ஏறினால் போதும்

வணக்கம் மக்களே. பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். ராமேஸ்வரத்தில் படகு ஏறி, இன்னொரு நாட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் திரும்பலாம். சட்டப்படிதான். கடத்தல் வீடியோ என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும்.

(திரையில்: அரிச்சல்முனை. காற்று இரைச்சல்.)

எனக்கு எதிரே இலங்கையின் தலைமன்னார், சுமார் 30 கிலோமீட்டர். ராமநாதபுரம் டவுனுக்குப் போவதென்றால் இங்கிருந்து அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் தலைமன்னார் போக வேண்டுமானால் மதுரைக்குப் போய் விமானம் பிடித்துக் கொழும்பில் இறங்க வேண்டும், இல்லையென்றால் நாகப்பட்டினம் போய்க் காங்கேசன்துறைக் கப்பல். மூக்கைத் தொடத் தலையைச் சுற்றும் கதை.

பக்கத்து நாடுகள் சேர்ந்து பொதுவான சுற்றுலாக் கொள்கை போடுவது இந்தச் சுற்றைக் குறைக்கத்தான். விக்டோரியா அருவிக்கு ஒரு கரை சாம்பியா, மறு கரை ஜிம்பாப்வே. இரண்டும் சேர்ந்து 50 டாலருக்கு ஒரே விசா கொடுத்தன. ஐரோப்பாவில் ஒரே விசாவில் பல நாடு சுற்றும் ஷெங்கன். பின்னணி அவ்வளவுதான், போரடிக்க மாட்டேன்.

நமக்கும் இது புதிதில்லை. 1914இல் பாம்பன் பாலம் வந்ததும் எழும்பூரில் வாங்கும் ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போனார்கள். தனுஷ்கோடி வரை ரயில், அப்புறம் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில். பெயர் போட் மெயில். 1964 புயல் தனுஷ்கோடியைத் தின்றது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலை இலங்கைப் போர் நிறுத்தியது.

சரி, தலைப்புக்கு வருவோம். கச்சத்தீவு. 1974 ஒப்பந்தம் என்றாலே தீவைக் கொடுத்த சண்டைதான் நமக்கு ஞாபகம் வரும். அதில் 5ஆவது பிரிவைப் படித்திருக்கிறீர்களா? இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்கு வந்து போகலாம், அதற்காக இலங்கை பயண ஆவணமோ விசாவோ கேட்காது என்று எழுதியிருக்கிறது.

ஷெங்கன் ஒப்பந்தம் 1985இல்தான். லக்சம்பர்க்கில் மொசெல் ஆற்றில், மூன்று நாட்டு எல்லை சேரும் இடத்தில், ஒரு கப்பலில் உட்கார்ந்து ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்டன. நாம் 11 வருடம் முந்தி! என்ன, அவர்களுக்குக் கண்டத்தில் பாதி, நமக்கு 285 ஏக்கர். அதுவும் வருடத்துக்கு ஒரு தரம், அந்தோணியார் திருவிழாவுக்கு மட்டும்.

எங்கள் அத்தை ஒரு முறை போய் வந்தார். முன்கூட்டியே பெயர் கொடுத்து, சோதனை முடிந்து, குடிதண்ணீரைக் கையோடு கட்டிக்கொண்டு படகு ஏறினாராம். தீவில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. முதல் நாள் மாலை கொடியேற்றம், சிலுவைப் பாதை, ராத்திரி தேர், மறுநாள் காலை திருப்பலி. யாழ்ப்பாணப் பக்கத்து அம்மா ஒருவர் பக்கத்தில் பாய் விரித்து, "எந்த ஊர் நீங்கள்?" என்று ஆரம்பித்தவர் விடிய விடிய விடவில்லையாம். அத்தை கொண்டுவந்தது ஒரு சந்தன சோப்பு. கரைந்துவிடும் என்று இன்னும் பிரிக்கவே இல்லை! இரு நாட்டுச் சுற்றுலாத் துறைகளும் அந்தச் சோப்பைத்தான் லோகோவாக வைக்க வேண்டும் என்பேன்.

(திரையில்: கரையில் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகள்.)

2024இல் ராமேஸ்வரத்திலிருந்து படகு போகவில்லை. மீனவர்கள் இலங்கையில் சிறைப்பட்டதைக் கண்டித்துத் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். அதனால் என் கட்சி இது: கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலைப் பிரச்சினையில் இரு கரை மீனவர்களும் உட்கார்ந்து பேசி முடிக்காமல் சுற்றுலாக் கொள்கை என்று எதை எழுதினாலும் காகிதம்தான். கொண்டுபோகிற படகும் அவர்களுடையது, கடலும் அவர்களுடையது.

பேசி முடிந்தால் அடுத்த ஊர் எது? நான் மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீச்சரத்தைச் சொல்வேன். சம்பந்தர் ராமேஸ்வரத்தில் தங்கியபடியே அந்தக் கோயிலைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். அவருக்கும் படகு கிடைக்கவில்லை போல!

உங்கள் தாத்தா பாட்டி யாராவது போட் மெயிலில் போனவர்களா? பழைய டிக்கெட் பெட்டியில் கிடந்தால் போட்டோ எடுத்துக் கமெண்டில் போடுங்கள். நல்லதாக ஒன்று வந்தால் அடுத்த வீடியோ அதை வைத்துத்தான். சப்ஸ்கிரைப் செய்ய மறக்காதீர்கள், எனக்கு இங்கே காற்றில் மைக் பறக்கிறது.