ஏரி ஏன் மேலிருந்து உறைகிறது?

[காட்சி: சைபீரியா. வெடிப்புகள் ஓடிய பனித்தளத்தின் மேல் ஒரு வேன் போகிறது.]

இது ரஷ்யாவின் பைக்கால் ஏரி. உலகத்திலேயே ஆழமான ஏரி இதுதான். அதிகபட்ச ஆழம் 1,642 மீட்டர். ஜனவரி வாக்கில் உறைந்தால் மே மாதம் வரை பனி இருக்கும். தடிமன் ஒரு மீட்டர் வரை போகும். 1904-இல் ரஷ்ய-ஜப்பானியப் போர் நடந்தபோது ஏரியைச் சுற்றிப் போகும் ரயில் பாதை முடிந்திருக்கவில்லை. அதனால் பனியின் மேலேயே தண்டவாளம் போட்டு, குதிரைகளை வைத்துப் பெட்டிகளை இழுத்தார்கள்!

அந்தப் பனிக்குக் கீழே மீன் நீந்துகிறது. நெர்ப்பா என்ற நன்னீர் சீல் நகத்தால் பனியில் ஓட்டை போட்டு, அதன் வழியே மூச்சு வாங்குகிறது. பனியைத் தாண்டி இறங்கும் வெளிச்சத்தில் டையாட்டம் என்ற நுண்பாசிகூடப் பெருகுகிறது.

மேலே பனி மூடியிருப்பதால் கீழே உறையவில்லை என்பீர்கள். சரி, பனி ஏன் மேலே உருவாக வேண்டும்? மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள். உறைந்தது அடியில், உருகியது மேலே. பெரும்பாலான பொருள்கள் இப்படித்தான். தண்ணீரும் அப்படியே நடந்துகொண்டால், உறைந்ததெல்லாம் மூழ்கி, ஏரி அடியிலிருந்து பனியால் நிரம்பும். கோடை வெயில் அங்கே எட்டவே எட்டாது.

[காட்சி: தண்ணீர் மூலக்கூறு, பெரிதாக்கிய படம்.]

காரணம் மூலக்கூறின் வடிவத்தில் இருக்கிறது. ஒரு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன், நடுவில் சுமார் 104.5 டிகிரி கோணம். ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர்மின்சுமை, ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர்மின்சுமை. எனவே ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை ஈர்க்கிறது. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. இதன் வலுவுக்கு ஒரு சாட்சி: ஹைட்ரஜன் சல்பைடு மூலக்கூறு தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம், ஆனாலும் அது மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடும். தண்ணீரைக் கொதிக்க வைக்க 100 டிகிரி வேண்டும்.

பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பேரோடு பிணைந்து, அறுகோண அமைப்பில் நிற்கிறது. நடுவில் நிறைய காலி இடம். அதனால்தான் உறையும்போது கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது, பனிக்கட்டி மிதக்கிறது. உருகியதும் இந்தக் கட்டமைப்பு ஒரேயடியாகக் கலைந்துவிடாது. 0-விலிருந்து சூடேற்றும்போது, மிச்சமிருக்கும் ஒழுங்கு சரியச் சரிய மூலக்கூறுகள் நெருங்குகின்றன. சூட்டினால் வரும் விரிவு அதை மிஞ்சுவது சுமார் 4 டிகிரிக்கு மேல்தான். ஆக, தண்ணீர் மிகவும் அடர்த்தியாக இருப்பது 4 டிகிரியில்.

[காட்சி: நீளமான ஜாடி. மேலே ஒரு தெர்மாமீட்டர், கீழே ஒன்று.]

எடின்பரோவில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் சார்லஸ் ஹோப் 1805-இல் இதைச் சோதனையாகக் காட்டினார். இன்றைக்கும் பள்ளிப் பாடத்தில் வருகிற ஹோப் கருவி இவர் பெயரில்தான். ஜாடியின் நடுப்பகுதியைச் சுற்றிப் பனிக்கட்டியும் உப்பும் வைக்கிறோம். முதலில் கீழ்த் தெர்மாமீட்டர் இறங்கி, 4 டிகிரியில் நின்றுவிடும். அப்புறம்தான் மேலே உள்ளது வேகமாக இறங்கி 0-வைத் தொடும்.

குளிர்நாட்டு ஏரியிலும் இதே கதை. இலையுதிர் காலத்தில் மேல் தண்ணீர் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்குகிறது. போகும்போது காற்றிலிருந்து வாங்கிய ஆக்சிஜனையும் அடிக்குக் கொண்டுபோகிறது. மீன்களுக்கு இது பெரிய விஷயம். மொத்த ஏரியும் 4 டிகிரிக்கு வந்ததும் இந்த இறக்கம் நின்றுவிடும். இனி குளிரும் தண்ணீர் லேசானது, மேலேயே தங்கி உறைகிறது. உறையும் ஒவ்வொரு கிராமும் 334 ஜூல் வெப்பத்தை வெளியே விட்டாக வேண்டும். பனியோ வெப்பத்தை லேசில் கடத்தாது. தடிக்கத் தடிக்க வளர்ச்சி மெதுவாகிறது.

பைக்கால் போன்ற ஆழத்தில் கணக்கு கொஞ்சம் மாறும். அழுத்தம் ஏற ஏற, அந்த 4 டிகிரி என்ற எண்ணே கீழே இறங்குகிறது. ஆழ்நீர் வருடம் முழுக்க 3-க்கும் 4-க்கும் இடையில் நிற்கிறது.

கடற்காற்று, வியர்வை, உயரமான மரத்தின் உச்சிக்குத் தண்ணீர் ஏறுவது, எல்லாவற்றிலும் இதே ஹைட்ரஜன் பிணைப்புக்குப் பங்கு உண்டு. அவை தனி வீடியோவுக்கான சமாச்சாரம்.

[காட்சி: கடற்பனி.]

இணையத்தில் சுற்றும் இரண்டு தகவல்களை மட்டும் திருத்திவிடலாம். உறையும்போது விரிவது தண்ணீர் மட்டும்தான் என்பார்கள். இல்லை, பிஸ்மத், காலியம், சிலிக்கான் எல்லாம் விரியும். இன்னொன்று, கடல்மீன்களைக் காப்பதும் 4 டிகிரிதான் என்பது. சாதாரணக் கடல்நீரில் உள்ள உப்பு அந்த விசித்திரத்தை அழித்துவிடுகிறது. கடல்நீர் உறையும் வரை, அதாவது சுமார் மைனஸ் 1.9 டிகிரி வரை, கனத்துக்கொண்டே போகும். கடற்பனி மிதப்பது உண்மை. ஆனால் உறையும்போது உப்பைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். அந்த உப்புச்செறிந்த குளிர்நீர் ஆக்சிஜனோடு மூழ்குகிறது. அண்டார்டிகாவைச் சுற்றி இப்படி மூழ்கும் நீர், பெருங்கடல்களின் அடித்தரை வழியாக வடக்கே பரவி, ஆழ்கடல் உயிர்கள் மூச்சுவிட ஆக்சிஜன் கொடுக்கிறது.