போர் முடிந்த பிறகு வரும் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். சமையலறையில் இருந்தபடி கேட்கிறவர்களுக்கும், பினாங்குப் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டு காரில் கேட்கிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஈராக் போரின் செலவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் இந்த வானொலி நிலையத்தில் இருந்த தம்பி ஒருவர், "ஐயா, அது முடிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டதே" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் ஜார்ஜ் டவுனில் ஆயுள் முழுக்கக் கணக்காய்வு வேலை பார்த்தவன் நான். ஒரு கணக்கு முடிந்தது என்று யாராவது சொன்னால், பாக்கி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்பது எனக்குப் பழக்கம். போர் என்றால் அந்தக் கேள்வியை இரண்டு முறை கேட்க வேண்டும்.

2003 மார்ச் 20-ஆம் தேதி அமெரிக்கப் படை ஈராக்கிற்குள் நுழைந்தது. பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று காரணம் சொன்னார்கள். தேடினார்கள், அமெரிக்காவே அனுப்பிய ஆய்வுக் குழு 2004-இல் அப்படி எந்த இருப்பும் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. இந்தக் கதை உங்களுக்குத் தெரியும். நான் பேச வந்தது பணத்தையும் ஆளையும் பற்றி.

மலேசியாவில் இருக்கும் நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பவர்கள் 2008 ஜூன் 4-ஆம் தேதி மாலையை நினைத்துப் பார்க்கலாம். நள்ளிரவு முதல் பெட்ரோல் லிட்டர் 1 ரிங்கிட் 92 சென்னிலிருந்து 2 ரிங்கிட் 70 சென்னுக்கு ஏறுகிறது என்று அறிவித்தார்கள். பெட்ரோல் நிலையங்களில் வரிசை சாலைக்கே வந்துவிட்டது. அடுத்த மாதம் உலகச் சந்தையில் ஒரு பீப்பாய் எண்ணெய் 147 டாலரைத் தொட்டது. போர் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். சீனாவின் தேவை ஏறியது, இன்னும் பல காரணங்களும் உண்டு. ஆனால் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜோசப் ஸ்டிக்லிட்சும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் லிண்டா பில்ம்சும் கணக்குப் பார்த்தபோது, மிகவும் அடக்கிச் சொன்னாலும் பீப்பாய்க்கு 5 முதல் 10 டாலர் இந்தப் போரின் பங்கு என்று எழுதினார்கள். அதை மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போன நம் பிள்ளைகளும் கொடுத்தார்கள். எந்தப் போர்ச் செலவுப் பட்டியலிலும் அந்தப் பணம் இல்லை.

இப்போது பட்டியலுக்கே வருவோம். போருக்கு முன்னால் வெள்ளை மாளிகையின் வரவுசெலவுத் துறைத் தலைவர் மிட்ச் டேனியல்ஸ் சொன்ன மதிப்பீடு 50 முதல் 60 பில்லியன் டாலர். அதிபரின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, 100 முதல் 200 பில்லியன் ஆகலாம் என்று 2002-இல் வாய்திறந்து சொன்னார். அது மிகை என்று அதிபரின் ஆட்களே மறுத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் லிண்ட்சே பதவியை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சர் பால் வுல்ஃபோவிட்ஸ், ஈராக்கிடம் எண்ணெய் இருக்கிறது, தன் சீரமைப்புச் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற பொருளில் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார்.

நடந்தது என்ன? 2023-இல், போர் தொடங்கி 20 ஆண்டு ஆனபோது, அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் போர்ச் செலவை ஆராயும் குழுவினர் ஒரு தொகை வெளியிட்டார்கள். ஈராக்கிலும் அதைத் தொடர்ந்து சிரியாவிலும் நடந்த போருக்கு அதுவரை ஏறத்தாழ 1.79 டிரில்லியன் டாலர். காயப்பட்டுத் திரும்பிய வீரர்களை 2050 வரை பராமரிக்கும் செலவையும் சேர்த்தால் 2.89 டிரில்லியன். ஒரு டிரில்லியன் என்றால் ஆயிரம் பில்லியன். நம் பழைய கணக்கில் ஒரு லட்சம் கோடி. முதலில் சொன்ன 60 பில்லியனுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 48 மடங்கு! என் தொழிலில் ஒரு ஒப்பந்தக்காரர் இப்படி ஒரு பில்லை நீட்டினால் அவர் மறுபடியும் அந்த வாசற்படி ஏற முடியாது.

இதில் என்னைத் தூங்கவிடாத ஒரு செய்தி உண்டு. 2003 மே மாதத்திலிருந்து 2004 ஜூன் வரை நியூயார்க்கிலிருந்து பாக்தாத்துக்கு ரொக்கமாகவே ஏறத்தாழ 12 பில்லியன் டாலரைச் சரக்கு விமானங்களில் அனுப்பினார்கள். பெரும்பாலும் நூறு டாலர் நோட்டுகள். கட்டுக் கட்டாகப் பிளாஸ்டிக் சுற்றி, மரப்பலகைகளில் அடுக்கி ஏற்றினார்கள். மொத்த எடை 363 டன் என்று அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் சொல்லப்பட்டது. பணத்தை எடை போட்டுச் சொன்ன கணக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த நிதியிலிருந்து ஈராக்கிய அமைச்சுகளுக்குப் போன 8.8 பில்லியன் டாலருக்குச் சரியான கணக்கு வைக்கப்படவில்லை என்று அமெரிக்க அரசு நியமித்த தணிக்கை அதிகாரியே 2005 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார். ரசீது இல்லை, யார் கையெழுத்துப் போட்டார் என்பது இல்லை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதைப் பலரும் கவனிப்பதில்லை. அது அமெரிக்கரின் வரிப்பணம்கூட அல்ல. ஈராக் விற்ற எண்ணெயின் வருமானமும், முடக்கி வைத்திருந்த ஈராக்கின் சொத்தும்தான் அந்தப் பணம். பொருளாதாரத் தடைக்காலத்தில் பால் வாங்கக் காசில்லாமல் தவித்த மக்களின் பணம்.

சரி, அமெரிக்காவின் சொந்தச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? போருக்கு வரியைக் கூட்டுவது வழக்கம். இங்கே 2001-இலும் 2003-இலும் வரியைக் குறைத்தார்கள். போரைக் கடனில் நடத்தினார்கள். மகன் பெயரில் கடன் வாங்கித் தகப்பன் விருந்து வைத்ததைப் போலத்தான் இது. வட்டியைக் கட்டப்போகிறவர்கள் போர் தொடங்கியபோது ஓட்டுப் போடும் வயதைக்கூட எட்டாதவர்கள்.

கடனைவிடவும் நீளமானது காயம். முதல் உலகப் போரில் ஊனமுற்ற அமெரிக்க வீரர்களுக்கான உதவித்தொகை உச்சத்தை எட்டியது எப்போது தெரியுமா? 1969-இல். போர் முடிந்து ஐம்பது ஆண்டு கடந்த பிறகு. இன்னொரு செய்தி. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அதில் சண்டையிட்ட ஒருவருக்கு 83 வயதில் ஒரு மகள் பிறந்தார். மனவளர்ச்சிக் குறைபாடு இருந்த அந்தப் பெண்மணிக்குத் தகப்பனாரின் சேவைக்காக மாதம் 73 டாலர் 13 சென்ட் வந்துகொண்டே இருந்தது. 2020-இல் அவர் காலமானார். 155 ஆண்டு! அப்போதுதான் அந்தப் போருக்கான ஓய்வூதியக் கணக்கில் கடைசி வரி எழுதப்பட்டது. ஈராக் போர் முடிந்துவிட்டது என்று சொன்ன தம்பிக்கு இதைத்தான் பதிலாகச் சொன்னேன்.

இது பணம். ஆளுக்கு வருவோம். ஈராக்கில் இறந்த அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 4,500 பேர். ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, ஊர், இறந்த தேதி உண்டு. அந்தப் பட்டியலிலும் சேராதவர்கள் இருக்கிறார்கள். 2021-இல் வந்த ஓர் ஆய்வின்படி, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நடந்த எல்லாப் போர்களையும் சேர்த்து, போர் நடவடிக்கைகளில் இறந்த அமெரிக்க வீரர்கள் 7,057 பேர். அந்தப் போர்களில் பணியாற்றி, பிறகு தற்கொலை செய்துகொண்டவர்கள் 30,177 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். வீட்டுக்கு உயிரோடு வந்து சேர்ந்த பிள்ளைகள் இவர்கள். அவர்களுடைய தாய்மாருக்கு அந்தப் போர் எந்தத் தேதியில் முடிந்தது?

ஈராக்கியர் எத்தனை பேர் இறந்தார்கள்? செய்திகளையும் பிணவறைப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகச் சேர்க்கும் ஒரு பிரிட்டிஷ் குழு, குடிமக்கள் மட்டும் இரண்டு லட்சத்தை ஒட்டி என்கிறது. வீடு வீடாகப் போய் விசாரித்த ஓர் ஆய்வு, 2006 நடுப்பகுதிக்குள்ளேயே ஒன்றரை லட்சம் என்றது. அதே காலத்துக்கு இன்னொரு ஆய்வு ஆறரை லட்சம் என்றது. எது சரி என்று அறிஞர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் ஆறரை லட்சத்துக்கும் நடுவில் ஐந்து லட்சம் மனிதர்கள் நிற்கிறார்கள். படையெடுத்தவர்கள் தங்கள் ஆட்களை ஒருவர் விடாமல் எண்ணினார்கள். மற்றவர்களை எண்ணும் பொறுப்பை ஏற்கவில்லை.

இதைச் சொல்லும்போது எனக்கு இரத்தம் கொதிக்கிறது. காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு போட்டன. அடுத்த ஆண்டே, இன்று தாய்லாந்து எனப்படும் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடத் தொடங்கினார்கள். தண்டவாளத்துக்கு நம் கிழக்குக் கரை ரயில்பாதையையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். வேலைக்கு ஆள் தேடி ரப்பர் தோட்டங்களுக்கு வந்தார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு என்று முதலில் ஆசை காட்டினார்கள். பிறகு ஆள் பிடித்தார்கள். இலவசப் படம் காட்டுவதாக அழைத்துக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றினார்கள் என்று பழைய ஆட்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

கூலிம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என் தாத்தா அப்படிப் போனவர். பாட்டி லயத்து வாசலில் நின்று பார்த்திருக்கிறார். முன்பணமாகக் கொடுத்த நோட்டைப் பாட்டி செலவழிக்கவில்லை. ஜப்பான்காரன் காலத்துப் பத்து டாலர் நோட்டு, வாழைக்குலை அச்சடித்தது. ஜப்பான் தோற்ற அன்றே அது வெறும் காகிதமாகிவிட்டது. அதையும் பாட்டி தூக்கிப் போடவில்லை. தகரப் பெட்டியில் சேலைக்கு அடியில் மடித்து வைத்திருந்தார். நெற்றியில் குங்குமத்தையும் விடவில்லை. யாராவது மெல்லச் சொன்னால், "அவர் இல்லை என்று யார் வந்து சொன்னார்கள்?" என்று கேட்பார். யாரும் வந்து சொல்லவில்லை என்பதுதான் உண்மை. கருமாதி செய்யவில்லை; திதி கொடுக்க நாள் தெரியவில்லை. பாட்டி இறந்தபோது வீட்டில் பெரியவர்களுக்குள் ஒரு வாக்குவாதம் எழுந்தது. பூவும் பொட்டும் வைத்து அனுப்புவதா, வேண்டாமா? சித்தப்பா முடிவு செய்தார். பூ வைத்து, மஞ்சள் பூசி, சுமங்கலியாகவே அனுப்பினோம். எந்த வரவுசெலவுக் கணக்கில் இதை எழுதுவது, சொல்லுங்கள்.

தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போயிருக்கிறேன். ஊருக்கு நடுவிலேயே, அந்த ரயில்பாதை வேலையில் இறந்த போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம். 6,982 பேர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். புல்லைச் சீராக வெட்டி, வரிசை வரிசையாகப் பட்டயம் வைத்து, பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பையன்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது, பாவம். அந்தப் பாதையில் இறந்த போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ, பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீட்டின்படி, 90,000 பேர். அதில் மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர்கள். பட்டயம் இல்லை, பெயர் இல்லை. காலரா வந்த மழைக்காலத்தில் மொத்தமாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாட்களின் வருகைப் பதிவேட்டில், பெயர் அடிக்கப்பட்டதோடு அந்த மனிதனின் கணக்கு மூடப்பட்டது. 1967-இல் ஜப்பான் நம் அரசுக்கு 2.5 கோடி மலேசிய வெள்ளி (ரிங்கிட்) பெறுமான ஈடு கொடுக்க ஒப்புக்கொண்டது. அது கப்பல்களாக வந்தது. சயாமுக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு வீட்டு வாசலில் எதுவும் வரவில்லை.

ஆகவேதான் பாக்தாத்தில் பிணவறை வாசலில் படத்தைக் கையில் பிடித்து நிற்கும் பெண்களைத் தொலைக்காட்சியில் காட்டும்போது எனக்கு அது தூரத்து நாடாகத் தெரியவில்லை. பல பத்தாண்டுப் போர்களையும் கொடுமைகளையும் சேர்த்து, ஈராக்கில் காணாமல் போனவர்கள் இரண்டரை லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை இருக்கலாம் என்று காணாமல் போனோருக்கான அனைத்துலக ஆணையம் சொல்கிறது. அத்தனை வீட்டிலும் ஒரு பெண், அவர் இல்லை என்று யார் வந்து சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. பொறுப்பை யார் ஏற்றார்கள் என்ற பகுதியை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன்; சுருக்கமாகச் சொல்கிறேன். 2003 பிப்ரவரியில் கோலாலம்பூரில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாடு இந்தப் போர் வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னது. 2011 நவம்பரில் அதே கோலாலம்பூரில் ஒரு மக்கள் தீர்ப்பாயம், போர் தொடங்கியபோது அமெரிக்க அதிபராக இருந்த புஷ்ஷையும் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த பிளேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குச் சட்ட அதிகாரம் கிடையாது. பிரிட்டனில் சில்கோட் விசாரணை ஏழு ஆண்டு நடந்து, 2016-இல், அமைதி வழிகள் மிச்சமிருக்கும்போதே போருக்குப் போனார்கள் என்று எழுதியது. அதற்காகச் சிறைக்குப் போனவர் யாரும் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் சயாமுக்குப் போனவர் யாராவது இருந்தால், திரும்பினாலும் திரும்பாவிட்டாலும், வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள். அவர் பெயர், தகப்பனார் பெயர், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, கூடப் போனவர்கள் யார். தெரிந்ததை மட்டும் எழுதி, எழுதியவர் பெயரும் தேதியும் போட்டு, ஒரு நகலை இந்த நிலையத்தின் முகவரிக்கு அனுப்புங்கள். உறையின் மேல் 'சயாம்' என்று எழுதினால் போதும், என்னிடம் சேர்ந்துவிடும். வணக்கம்.